நாலு தட்டும் ஒரு பையும்

மண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மையான மண்ணைக் கொண்டுவர மாட்டார்கள். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. அரசாங்க ஆபீசுக்குப் போகிற மண்ணாயிற்றே, நாலு பேர் பார்ப்பார்களே என்று நிலத்திலேயே நல்ல இடமாகப் பார்த்து, எரு கொட்டின மூலையில் அள்ளி, கல் பொறுக்கி, முறத்தில் புடைத்து, புது மஞ்சப்பையில் போட்டு எடுத்து வருவார்கள். பெண் பார்க்க வருகிற அன்று பட்டுப்புடவை கட்டிவிடுவது மாதிரிதான். வல்லத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த மண்ணில் விபூதி வாசனை அடித்தது. விசாரித்தால், சாமி படத்துக்கு முன்னால் ஒரு வாரம் வைத்திருந்தாராம். ரிசல்ட் நல்லா வரணுமில்ல என்றார். ரிசல்ட் பிரமாதமாக வந்தது. அவருடைய கடலைதான் வரவில்லை.

இந்த மாதிரி மண்ணையெல்லாம் நிழலில் காயவைத்து, மரக் கட்டையால் தட்டி, சல்லடையில் சலித்து முப்பத்து மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது செஞ்சியில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் ஆய்வகத்திலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் ரிடையர் ஆனபோது என் நாற்காலிக்கு வந்தவள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். கம்பியை நிலத்தில் குத்தினால் போதும், மண்ணின் ஜாதகம் முழுக்க செல்போனில் வந்துவிடுமாம். கருவி வந்ததை ஒட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதுங்கள் மேடம் என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. மண்வெட்டியும் பக்கெட்டுமாக நான் சுமந்த சுமைக்கு இந்தக் கம்பி அப்போதே வந்திருக்கக் கூடாதா? ஆனால் கம்பியை எங்கே குத்துவது என்று யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அதைத்தான் மேடம் நீங்கள் எழுதணும் என்றாள். கெட்டிக்காரி.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோயம்புத்தூரில் சில மாதம் கண்ணாடிக் குடுவைகளோடு பழகினேன், இரண்டை உடைத்தேன், சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உண்மையான பயிற்சி செஞ்சி வெயிலில்தான் நடந்தது. எங்கள் பக்கத்தில் மண் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்காது. பாறைக் குன்றின் உச்சியிலிருந்து கீழே ஏரி வரைக்கும் நடந்தால், ஒரு பீடி பிடிக்கிற நேரத்துக்குள் நாலு மண்ணை மிதித்துவிடலாம். பாறையடியில் சரளை. அதில் தண்ணீர் நிற்காது, ஊற்றினால் போய்க்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே செம்மண், கடலைக்கென்றே பிறந்தது. இன்னும் கீழே போனால் செம்மண்ணிலேயே களி ஏறி, காய்ந்தால் மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். ஏரி ஓரம் வந்துவிட்டால் கறுப்புக் களி. ஈரத்தில் செருப்பைப் பிடுங்கும், வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இத்தனையையும் தெரிந்து வைத்திருந்த நான்தான் பின்னால் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன். அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் எங்கள் அதிகாரி தரணேந்திரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். சொந்தமாகக் கழனி உண்டு. யாரையும் நீ என்று சொல்ல மாட்டார், அலுவலகத்து நாய் உட்பட. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு மேல் எந்த வேலையும் வைக்க மாட்டார். அந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்கள் அவரைக் கொண்டாடினோம். மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதையும் தொடமாட்டார், கடலை மட்டும் எப்படி சார் என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கடலை வேரில் காய்ப்பதில்லை, மேலே பூத்துவிட்டு அப்புறம் கீழே இறங்குகிறது என்று அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினார். அதற்குப் பிறகு நான் வம்புக்குப் போவதில்லை.

மண்ணைப் பார்க்கக் குழி தோண்டும்போது அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். தோண்டுவதற்கு முன் குனிந்து எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் நாலடி தள்ளிப் போவோம். மண்புழு வெளியே வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லி, எருக்கிலையில் ஏந்தி ஈர நிழலில் விட்டுவிட்டு வருவார். கூலியாட்கள் சிரிப்பார்கள், ஆனால் அடுத்த புழுவை அவர்களே எடுத்து விடுவார்கள். குழி முடிந்ததும் உள்ளே இறங்கி, கத்திப் பிடியால் சுவரை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மாறினால் மண் மாறுகிறது என்று அர்த்தம், அங்கே ஒரு ஆணி அடிப்பார். பிறகு தன் குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து நாடா மாதிரி நீட்டுவார். மணல் அதிகமென்றால் நாடா உடனே உடைந்துவிடும், களி என்றால் நீண்டுகொண்டே போகும். கடைசியில் அந்த ஈரவிரலை நோட்டில் ஒரு இழுப்பு இழுப்பார். அவர் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்த ஊர் மண்ணின் நிறம் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மண்ணைச் சலித்த பிறகு சல்லடையில் நிற்கிற கல்லையும் கட்டியையும் மற்ற ஆய்வகங்களில் கொட்டிவிடுவார்கள். எங்களைக் கொட்ட விடமாட்டார். அந்தந்தப் பையிலேயே போட்டு, சீட்டுக் கட்டி, அடுத்த சாகுபடிப் பட்டம் முடிகிற வரைக்கும் வைத்திருக்கச் சொல்வார். அலமாரி நிரம்பி வழியும். இந்தக் கல்லை வைத்துக்கொண்டு வீடா கட்டப் போகிறார் என்று நான் முணுமுணுத்தது உண்டு.

இனி ஏகாம்பரம். பெங்களூரில் பத்து வருஷம் டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்த்துவிட்டு, முழங்கால் போனதும் ஊருக்குத் திரும்பி, அப்பா பங்காக வந்த நிலத்தில் பயிர் வைத்தவர். மேல்மலையனூர் போகிற சாலையில் ஒரு குன்றின் சரிவில் அவருடைய நிலம். தாத்தா காலத்தில் கல் வரப்பு கட்டி, படிக்கட்டு மாதிரி நாலு தட்டாகப் பிரித்தது. இரண்டு வருஷம் கடலை போட்டு இரண்டும் போய்விட்டது. மூன்றாவது முறை போடுவதற்கு முன் மண்ணைப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மண் எடுக்கப் போனது நான்.

அன்று சித்திரை அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் விட்டிருந்தார்கள். என் மொபெட் வேறு மெக்கானிக்கிடம் இருந்தது. சாயங்காலக் கூட்டத்துக்கு முன் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் செஞ்சி வர வேண்டும். முறைப்படி செய்திருந்தால், ஒவ்வொரு தட்டிலும் பத்து இடத்தில் மேல்குப்பையை விலக்கி, வி வடிவத்தில் அரையடி வெட்டி, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒரே கனத்தில் சுரண்டி பக்கெட்டில் போட வேண்டும். பிறகு பரப்பி நாலு பாகமாக்கி, எதிரெதிர் பாகத்தை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, அரைக்கிலோ வருகிற வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நாலு தட்டுக்கு நாற்பது குழி, நாலு பை. அந்த வெயிலில் நாற்பது குழியை நினைத்தாலே தலை சுற்றியது. எங்கள் படிவத்தில் ஒரு சர்வே நம்பருக்கு ஒரு வரிதான் இருந்தது. நாலு தட்டும் ஒரே சர்வே நம்பர். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். தட்டுக்கு மூன்று இடம் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலந்து, ஒரே பையில் கட்டி, பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன்.

முடிவு அழகாக வந்தது. கார அமில நிலை நடுவில், உப்பு குறைவு, சத்துகள் மிதம். நல்ல மண், நிலக்கடலைக்கு ஏற்றது என்று மண்வள அட்டை அடித்து அனுப்பினோம்.

ஏகாம்பரம் புரட்டாசியில் அந்த அட்டையோடு ஆய்வகத்துக்கு வந்தார். மேல் தட்டில் கடலை கருகிவிட்டது. அடித் தட்டில் இலையெல்லாம் மஞ்சளாகி காமாலை கண்ட ஆள் மாதிரி நிற்கிறது. நடுவில் இருக்கிற இரண்டும் சுமார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் குரலைத் தயார் செய்துகொண்டேன். அவர் அட்டையை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“இதை எம் மச்சான் ஊர் நடுவுல படிச்சுக் காட்டிட்டாரு மேடம். மண்ணு நல்லா இருக்குதுன்னா நான்தானே கெட்டவன்? டைல்ஸ் ஒட்டுற கைக்கு வெவசாயம் எதுக்குன்னு எம் பொண்டாட்டியே கேக்குறா. வர்ற ஞாயித்துக்கிழமை நெலத்தை அவருக்கே குடுத்துடலாம்னு முடிவாயிடுச்சு. இதுல வேற ஏதாவது எழுதாம வுட்டுட்டீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அந்த மச்சான், மனைவி செல்வியின் அண்ணன் வேலு, இரண்டு லாரி வைத்துக்கொண்டு கிராவல் என்று சரளை மண் அடிக்கிறவர். மனைப்பிரிவுகளுக்கெல்லாம் செஞ்சி பக்கத்துக் கிராவல்தான் போகும். நிலத்தை அவர் வாங்கினால் பயிர் வைக்க மாட்டார். நாலு தட்டையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு பள்ளத்தைத்தான் விட்டுவிட்டுப் போவார். ஏகாம்பரம் இதைச் சொல்லும்போதே எனக்கு பஸ்ஸும் பக்கெட்டும் நினைவுக்கு வந்துவிட்டன.

பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சார் அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்துவரச் சொன்னார். சல்லடையில் நின்றதைக் காகிதத்தில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்து விரலால் பிரித்தார். ஒரு பக்கம் சிவப்புச் சரளை சேர்ந்தது. இன்னொரு பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி. இரண்டும் ஒரே மண்ணில் சேர்ந்து இருக்கவே முடியாது. ஏகாம்பரத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“கோமதி, ஒரு இலைக்கு உப்பில்லாத சாம்பார், பக்கத்து இலைக்கு உப்புக் கரிக்கிற சாம்பார். ரெண்டையும் ஒண்ணா ஊத்தி ருசி பாத்துட்டு, சமையல் பிரமாதம்னு எழுதிட்டீங்க. சாப்பிட்டவங்க ரெண்டு பேருமே எழுந்து போயிட்டாங்களே.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சனிக்கிழமை குழி தோண்ட ஆள் சொல்லிவிடுங்கள் என்றார். அறையை விட்டுப் போகும்போது, நடந்ததை ஏகாம்பரம் வீட்டாரிடம் யார் சொல்வது, நீங்களா நானா என்று மட்டும் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். சொன்னால் மெமோ வரும், வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போகும். இரண்டும் எனக்கு நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை காலை தட்டுக்கு ஒன்றாக நாலு குழி. ஏகாம்பரம், செல்வி, வேலு மூன்று பேரும் வந்திருந்தார்கள். செல்வி ஒட்டாமல் புளியமரத்தடியில் நின்றாள். நான் போய் மூன்று பேரிடமும் சொன்னேன். நாலு மண்ணையும் ஒன்றாகக் கலந்தது என் தவறு, அந்த அட்டையில் இருப்பது உங்கள் நிலத்தில் எங்குமே இல்லாத ஒரு மண். வேலு உதட்டைப் பிதுக்கினார். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் குழியில் ஒன்றரை அடியிலேயே கடப்பாரை ணங்கென்றது. அதற்குக் கீழே முழுக்கச் சரளை. ஆறு அடிக்குத் தோண்டியும் சரளையும் மக்கின பாறையுமாகவே வந்தது. இரண்டாம் குழியில் மூன்றடிக்கு நல்ல செம்மண். மூன்றாவதில் மேலே ஓடு கட்டும் மண், கடலைப் பூவிலிருந்து கீழே வருகிற விழுது இறங்க முடியாமல் திணறியிருக்கிறது. அடிக் குழியில் கறுப்புக் களி. அதில் நான் ஆசிட் இரண்டு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. அவ்வளவு சுண்ணாம்பில் கடலைக்கு இரும்புச் சத்து கிடைக்காது, மஞ்சளாகத்தான் நிற்கும். அங்கே நெல்லோ சோளமோ வைத்திருக்க வேண்டும். மேல் தட்டு கடலைக்கு ஆகாது, கொள்ளு தூவிவிட்டு, வரப்போரம் நெல்லி நட்டிருந்தால் போதும் என்றேன். நாலு தட்டிலும் ஒரே கடலையைப் போட்டது அவர் குற்றமா, ஏற்றது என்று எழுதிக் கொடுத்த எங்கள் குற்றமா?

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வேலு மேல் குழியைவிட்டு நகரவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார். ஆறு அடிச் சரளையைப் பார்த்ததும் அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. இத்தனை நாள் அவர் குத்துமதிப்பாகத்தான் விலை பேசிக்கொண்டிருந்தார். எங்கே எவ்வளவு இருக்கிறது என்று நாங்களே தோண்டிக் காட்டிவிட்டோம்.

“மாப்ள, எனக்கு நாலும் வேணாம். மேல் தட்டை மட்டும் குடு. கடலைக்கு ஆவாதுன்னு இந்த மேடமே சொல்லிட்டாங்க இல்ல? கீழ இருக்கற மூணுலயும் நீ ராஜா மாதிரி பயிர் வெச்சுக்கோ,” என்றார்.

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. ஏகாம்பரம்கூடத் தலையாட்டத் தொடங்கிவிட்டார். செல்வி மரத்தடியை விட்டு வந்து, அப்படியே செய்துவிடலாம், எல்லோருக்கும் நிம்மதி என்றாள். சார் என்னைப் பார்த்தார். எங்கள் சொல்லை வைத்தே எங்களை மடக்கிவிட்டார் மனுஷன். எரிச்சலில் இரண்டாம் குழிக்குள் இறங்கி, விட்ட வேலையை முடிப்போம் என்று சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

மேட்டுப் பக்கச் சுவரில் இரண்டடி ஆழத்தில் கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. கையை வைத்தேன். குளுகுளுவென்று இருந்தது. பள்ளத்துப் பக்கச் சுவரைத் தொட்டேன், அங்கே அந்த அளவுக்கு ஈரம் இல்லை. மழை பெய்து இரண்டு வாரமாகியிருந்தது. செல்வியை இறங்கிவரச் சொன்னேன். முதலில் தயங்கினாள், பிறகு புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

“ஈரமா இருக்குது,” என்றாள். “எங்கருந்து வருது?”

மேலே பெய்கிற மழை சரளையில் தங்காது, உள்ளே இறங்கி, பாறை மேலேயே வழிந்து, கல் வரப்புக்கு அடியில் இப்படித்தான் கசிந்து வருகிறது என்றேன். சரளையில் கடலை விளையாததற்கும் இதுதான் காரணம், கீழ்த் தட்டுகள் உயிரோடு இருப்பதற்கும் இதுதான் காரணம்.

அவள் கையை எடுக்காமலே கேட்டாள். “மேல எடுத்துட்டா இது காஞ்சிடுமா?”

“காஞ்சிடும். வரப்பும் சரிஞ்சிடும்.”

அவள் மேலே ஏறினாள். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை. “அண்ணே, நீ லாரியை வேற எங்கயாவது ஓட்டிக்கோ. இது வேணாம்,” என்றாள். வேலு என்னென்னவோ பேசிப் பார்த்தார். தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார், அவர் அதை மனசாரத்தான் சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குழிகளை மூடிவிடலாம், ஆடு விழுந்துவிடும் என்றார்.

மெமோ வந்தது. பதில் எழுதினேன். பதவி உயர்வு தள்ளிப்போனது. என் வீட்டுக்காரர் அதற்காக ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் அதற்குப் பிறகு எந்தச் சரிவுக்குப் போனாலும் தட்டுக்கு ஒரு பை எடுத்தேன். படிவத்தில் வரி போதாவிட்டால் ஓரத்தில் எழுதினேன்.

புது அட்டைகள் நாலும் தயாரானதும் வாங்கிக்கொள்ள செல்விதான் வந்தாள். நின்றபடியே நாலையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எந்தத் தட்டில் என்ன வைப்பது என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பையில் வைத்துக்கொண்ட பிறகும் போகவில்லை.

“பழைய சீட்டை வெச்சு ஊரே இவரைச் சிரிச்சுச்சு. நானும் சேந்துதான் சிரிச்சேன். அதுக்கு ஒரு சீட்டு குடுங்க,” என்றாள்.

அதற்கு எங்களிடம் படிவம் ஏது? நான் சாரைப் பார்த்தேன். அவர் ஃபைலிலிருந்து பழைய அட்டையை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். குறிப்புரை என்று இருந்த கட்டத்தில் நான் எழுதினேன். மண் மாதிரி எடுத்ததில் பிழை. இந்த முடிவு செல்லாது. விவசாயியின் மேல் குறை இல்லை. கையெழுத்துப் போட்டேன். சாரும் போட்டு, அலுவலக முத்திரையை அழுத்திக் குத்திக் கொடுத்தார்.

செல்வி மை காய ஊதிவிட்டு வெளியே போனாள். ஏகாம்பரம் உள்ளே வராமல் கேட்டருகே வண்டியோடு நின்றிருந்தார். அவள் அதை நீட்டினாள். அவர் வாங்கி நின்ற இடத்திலேயே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். மண்ணைப் பற்றி எழுதியிருந்த மற்ற நாலு அட்டையையும் அவர் கேட்கவே இல்லை.